உரிமம் வேறு, உரிமை வேறு

பாலியல் தொழில் பற்றிய விவாதத்தில் எப்போதும் இரண்டு குரல்களே உரக்கக் கேட்கின்றன. ஒன்று, தடை செய் என்கிறது. மற்றொன்று, லைசென்ஸ் கொடு, மருத்துவப் பரிசோதனை வை, ஒழுங்குபடுத்து என்கிறது. இரண்டாவது முற்போக்காகத் தோன்றுவதால் நம்மில் சிலரும் அதை ஏற்றுக்கொள்கிறோம். அந்த லைசென்ஸ் யாருடைய வசதிக்காக என்று கேட்பதில்லை.

இந்த மண் அதை முன்பே பார்த்துவிட்டது. 1868இல் காலனி அரசு தொற்றுநோய்ச் சட்டம் கொண்டுவந்தது. இத்தொழிலிலிருந்த பெண்கள் பெயரைப் பதிய வேண்டும், கட்டாயப் பரிசோதனைக்கு வர வேண்டும், நோய் இருந்தால் தனி மருத்துவமனையில் அடைபட வேண்டும். அவர்களிடம் வந்துபோன ஆண்களுக்குச் சோதனை ஏதுமில்லை. கல்கத்தாவில் பல பெண்கள் இதற்கு அஞ்சி, பிரெஞ்சு ஆட்சியிலிருந்த சந்தன்நகருக்கு ஓடினார்கள். 1888இல் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது.

ஜெர்மனியில் 2017 முதல் பதிவு கட்டாயம். வேலை செய்யும்போது சான்றிதழைக் கையில் வைத்திருக்க வேண்டும். 2022 இறுதியில் பதிவில் இருந்தவர்கள் சுமார் 28,000 பேர்தான். அடையாளம் வெளிப்பட்டுவிடும் என்ற அச்சத்தில் பதிவைத் தவிர்ப்பவள் அதனாலேயே சட்டத்துக்குப் புறம்பானவளாகிறாள். அடி வாங்கினாலும் காவல் நிலையம் போகத் தயங்குவாள்.

நம் 1956ஆம் ஆண்டுச் சட்டம் பாலியல் தொழிலை நேரடியாகக் குற்றம் என்பதில்லை. அதைச் சுற்றியுள்ள வாழ்க்கையைக் குற்றமாக்குகிறது. பாதுகாப்புக்காக இரண்டு பெண்கள் ஒரே வீட்டில் தொழில் செய்தால் அது விபச்சார விடுதி. அவள் வருமானத்தில் வாழும் 18 வயது கடந்த எவரும் குற்றவாளி. கல்லூரிக்குப் போகும் மகளும் மருந்துக்குக் கையேந்தும் தாயும்கூட இந்த வரிக்குள் வந்துவிடுகிறார்கள். லைசென்ஸ் வந்தால், அது இல்லாதவர்கள்மீது இந்தப் பிரிவுகள் இன்னும் வலுவாகப் பாயும்.

2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், பாலியல் தொழிலாளர்களுக்கு ஆதார் அட்டை வழங்கும்போது அவர்களைத் தொழிலால் அடையாளம் காட்டும் குறியீடு எதுவும் இருக்கக்கூடாது என்றது. லைசென்ஸ் என்பதே அப்படியொரு குறியீடுதான்.

வறுமையும் சாதியும் தள்ளிவிட்ட இடத்தை விருப்பத் தேர்வு என்று எப்படிச் சொல்வது என்று தோழிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஆனால் வறுமையை ரெய்டு தீர்ப்பதில்லை, பதிவேடும் தீர்ப்பதில்லை. கடத்தலையும் கட்டாயத்தையும் தண்டிக்கவே வேண்டும்; அவற்றைத் தாண்டி, வயது வந்த பெண்ணைக் குற்றவாளியாக்கும் பிரிவுகளை நீக்க வேண்டும். நியூசிலாந்து 2003இல் அந்த வழியில் போனது. அங்கே தொழிலாளிக்கு லைசென்ஸ் தேவையில்லை. ஆனால் தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு அந்தச் சட்டமும் கதவை மூடியிருக்கிறது. அந்தக் குறையையும் சேர்த்தே நாம் அதைப் படிக்க வேண்டும்.

லைசென்ஸை அரசு கொடுக்கும். நாளை அரசே பறிக்கும். இந்தப் பெண்கள் கேட்பது, அடித்தவன்மீது அச்சமின்றிப் புகார் கொடுக்கும் உரிமை.