அளவுகோல் யார் கையில்?

ஆசிரியரின் தொழில்வாண்மை வளர்ச்சிக்குத் தராதரம் வகுக்க வேண்டும் என்ற பேச்சு இன்று எங்கும் கேட்கிறது. அமைச்சின் அறிக்கைகள் அதைச் சொல்கின்றன. கடன் கொடுக்கும் சர்வதேச நிறுவனங்களும் அதையே சொல்கின்றன. ஆசிரியர் சங்க மேடைகளிலும் அச்சொல் இடையிடையே ஒலிக்கிறது. தராதரம் வேண்டாம் என்பார் எவருமிலர். வைத்தியனின் அறிவு தேங்கி நிற்றல் நோயாளிக்குக் கேடென்றால், ஆசிரியனின் அறிவு தேங்கி நிற்றல் ஒரு தலைமுறைக்கே கேடாகும். ஆகவே தராதரத்தின் தேவையை நிறுவ நாம் நேரம் செலவிட வேண்டுவதில்லை. அதனை வகுப்பவர் யார்? அது எதனை அளக்கிறது? அதனை எய்துவதற்கான செலவை ஏற்பவர் யார்? இம்மூன்று வினாக்களுக்கும் விடை கூறாத தராதரம், எத்துணை அழகிய தாளில் அச்சிடப்பட்டாலும், ஆசிரியர் முதுகில் ஏற்றப்படும் மற்றொரு சுமையாகவே முடியும்.

வினாக்கள் புதியனவல்ல. 1862ஆம் ஆண்டு இங்கிலாந்தில் றொபேட் லோ கொண்டுவந்த திருத்தக் கோவை, பிள்ளைகள் வாசிப்பிலும் எழுத்திலும் கணக்கிலும் பரிசோதகர் முன்னிலையில் தேறிய அளவுக்கே பாடசாலைக்கு மானியம் என விதித்தது. இலங்கையில் 1869இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே அம்முறை இங்கும் வந்து சேர்ந்தது. பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு என்ற அம்முறையும் ஒரு தராதரமே. பரிசோதகர் கேட்பது பாடமாயிற்று, கேளாதது கைவிடப்பட்டது. வரவு குறைந்த, வறியோர் பிள்ளைகள் நிறைந்த பள்ளிக்கு மானியமும் குறைவதே அதன் இயல்பு. உதவி மிக வேண்டிய இடத்தில் உதவியை வெட்டும் அளவுகோலை அக்காலத்து ஆட்சியாளர் நீதி என்று அழைத்தனர். அந்நூற்றாண்டு முடியுமுன் இங்கிலாந்தே அதனைக் கைவிட்டது. அளப்பதற்கு எளிதானதை மட்டும் அளக்கும் மனப்பாங்கு அதனோடு மறைந்துவிடவில்லை என்பதையே நாம் இங்கு கருத வேண்டும்.

நம் நாட்டில் ஒன்றுமே நடக்கவில்லை என்று கூறுதல் நேர்மையாகாது. 1985ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகம் தோன்றிற்று. 1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கச் சட்டம் தேசிய கல்வியியற் கல்லூரிகளுக்கு வழி வகுத்தது. வவுனியாவிலுள்ள கல்லூரியிற் பயின்றோர் பலர் இன்று வன்னிப் பாடசாலைகளிற் கற்பிக்கின்றனர். 1994ஆம் ஆண்டு ஒக்டோபர் 6ஆந் தேதி இலங்கை ஆசிரியர் சேவை உருவாயிற்று. 2014ஆம் ஆண்டு ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளிவந்த புதிய பிரமாணக் குறிப்பு, ஆசிரியரின் வகுப்புக்களையும் தரங்களையும் ஒழுங்குபடுத்தி, பதவியுயர்வை மொடியூல் பயிற்சியோடு இணைத்தது. கற்றலைத் தொழிலின் ஓர் அங்கமாக ஏற்றுக்கொண்ட வகையில் இவையாவும் முன்னேற்றங்களே.

ஆயினும் இணைப்பு நிகழ்ந்த இடத்திலேயே பிணக்கும் பிறக்கிறது. பயிற்சியைப் பதவியுயர்வின் படிக்கட்டாக மாத்திரம் வைக்கும்போது, ஆசிரியர் நாடுவது அறிவையா, சான்றிதழையா? வருகை இடாப்பிற் கையொப்பம், ஒப்படையொன்று, கோவையிற் செருகுவதற்கு ஒரு தாள் என்று காரியம் முடிந்துவிடுகிறது. பயிற்சிக்குச் சென்று வந்த ஆசிரியரின் வகுப்பறையில் மறுவாரம் என்ன மாறிற்று என்று வினவுவார் இலர். மணித்தியாலத்தை எண்ணுதல் எளிது. மாற்றத்தைக் காணுதல் அரிது. எளிதானதை அளந்துவிட்டு அரிதானதை அளந்ததாகப் பறைசாற்றும் வழக்கம் 1870ஆம் ஆண்டின் எச்சமே.

பயிற்சி ஊருக்கு வந்து சேரும் முறையையும் நோக்குவோம். 2007ஆம் ஆண்டு தேர்ச்சி மையக் கலைத்திட்டம் அறிமுகமானபோதும் சரி, அதற்கு முன்னும் பின்னும் வந்த சீர்திருத்தங்களின்போதும் சரி, புதிய கருத்து மகரகமவிலே தொடங்கி, மாகாணத்துக்கும் வலயத்துக்கும் இறங்கி, ஆசிரிய ஆலோசகர் வாயிலாக ஆசிரியரை அடைவதே வழக்கம். தலைவாய்க்காலில் திறந்த நீர் கடைமடைக்கு எவ்வளவு வரும் என்பதை வயல் செய்வோர் நமக்குச் சொல்லித் தருவர். இரண்டு வாரத்திற் கற்றதை ஒருவர் மூன்று நாளிற் சொல்ல, அதனை மற்றொருவர் ஒரு நாளிற் சொல்ல, கடைசியில் ஆசிரியர் கையில் எஞ்சுவது கையேடும் சில கலைச்சொற்களுமே.

பவணந்தி முனிவரின் நன்னூலை இலக்கண நூலென்று மட்டுமே கருதுவோர் அதன் பொதுப்பாயிரத்தை மீண்டும் ஒருமுறை படித்தல் நன்று. ஆசிரியர் உரைத்ததைச் செவ்வனே கேட்டவனுக்கும் கிட்டுவது கால்பங்கு அறிவே என்கிறது அந்நூல். உடன் பயில்வாரோடு கூடிப் பயிலும்போது மற்றொரு கால். பிறர்க்குத் தெளிய உரைக்கும்போதே எஞ்சிய அரைப்பங்கு. எழுநூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்கு முன் வரையப்பட்ட இக்கணக்கை நம் பயிற்சித் திட்டங்களோடு ஒப்பிட்டுப் பார்ப்போமாக. நாம் பணமும் நேரமும் கொட்டுவது முதற் காலுக்கே. முக்காற்பங்கு அறிவு பிறக்கும் இடமாகிய சக ஆசிரியர் கூட்டமும் வகுப்பறையும் கேட்பாரற்றுக் கிடக்கின்றன.

இவ்வுண்மையை உலகம் வேறு வழிகளால் மெல்ல உணர்ந்து வருகிறது. யப்பானிய ஆசிரியர்கள் நெடுங்காலமாகப் பாட ஆய்வு என்றொரு வழக்கத்தைக் கைக்கொண்டுள்ளனர். சிலர் கூடி ஒரு பாடத்தைத் திட்டமிடுவர், ஒருவர் கற்பிப்பார், ஏனையோர் பிள்ளைகள் எங்கு தடுமாறுகின்றனர் என்று கவனிப்பர், பின் கூடிப் பேசித் திருத்துவர். இங்கிலாந்து 2016ஆம் ஆண்டு யூலையில் வெளியிட்ட தராதரம், தொழில்வாண்மை வளர்ச்சி பிள்ளைகளின் கற்றலை நோக்கமாகக் கொள்ள வேண்டும், ஆதாரமுடையதாக இருக்க வேண்டும், கூட்டுழைப்பில் நிகழ வேண்டும், நெடுநாள் தொடர வேண்டும், பாடசாலைத் தலைமை அதற்கு முதன்மை தர வேண்டும் என ஐந்து கூறுகளை வகுத்தது. இந்தியாவின் 2020ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கை ஆண்டுக்கு 50 மணித்தியாலம் என்றது. ஸ்கொட்லாந்தில் அரசும் உள்ளூராட்சியும் ஆசிரியர் சங்கங்களும் கூடிச் செய்த 2001ஆம் ஆண்டு உடன்பாடு, ஆண்டுக்கு 35 மணித்தியாலத்தைச் சம்பள ஒப்பந்தத்தின் உள்ளேயே சேர்த்தது. இவற்றுள் நமக்கு மிக நெருங்கிய பாடம் கடைசியிற் கூறியதே. அங்கே அளவுகோலை அளக்கப்படுவோரும் சேர்ந்து செய்தனர். நேரத்துக்குரிய பொறுப்பு எழுத்தில் வந்தது.

இலங்கையிலும் 2012ஆம் ஆண்டளவில் உலக வங்கியின் உதவியோடு தொடங்கிய கல்வித் திட்டத்தின் கீழ், பாடசாலை மட்ட ஆசிரியர் விருத்தி என்ற எண்ணம் அறிமுகமாயிற்று. எண்ணம் நல்லது, நன்னூலின் முக்காற்பங்கை அது தொடுகிறது. ஆனால் எண்ணம் வேரூன்ற மண் வேண்டுமன்றோ?

மல்லாவியை எடுத்துக்கொள்வோம். முல்லைத்தீவு மாவட்டத்தின் துணுக்காய் கல்வி வலயத்தைச் சேர்ந்த இவ்வூரின் சுற்றுப்புறம் வவுனிக்குளத்து நீரை நம்பி வயல் செய்யும் நிலம். 2008இல் போர் நெருங்கியபோது ஊர் முழுதும் பெயர்ந்தது. 2009ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே மீள்குடியேற்றம் தொடங்கியது. போர்க்காலத்தில் வன்னிப் பாடசாலைகளைத் தாங்கி நின்றோருட் பலர், பயிற்சியோ உரிய ஊதியமோ இல்லாத தொண்டராசிரியர்கள். எந்தத் தராதரப் பட்டியலும் அவர்களை ஆசிரியரென்று ஏற்றிராது. ஆயினும் மரநிழலிலும் தறப்பாளின் கீழும் எழுத்தறிவு அறுந்து போகாமற் காத்தவர்கள் அவர்களே. தாளில் உள்ள தகைமைக்கும் களத்தில் உள்ள தகைமைக்கும் இடையே உள்ள தூரத்தை வன்னி அறிந்த அளவுக்கு வேறெவ்விடமும் அறிந்திராது.

இன்றும் இப்பகுதியின் சிறு பாடசாலைகளில் ஒரு பாடத்துக்கு ஓராசிரியர் இருப்பதே பெரும்பேறு. கணித ஆசிரியர் தம் பாடத்தைக் குறித்து யாரோடு கூடிப் பேசுவார்? யாழ்ப்பாணத்திலிருந்தும் வவுனியாவிலிருந்தும் விடியுமுன் பேருந்தேறி வருவோர், பிற்பகல் பேருந்தைத் தவறவிட்டு எந்தக் கலந்துரையாடலில் அமர்வர்? இடமாற்றக் காலம் கனிந்ததும் புறப்படும் ஆசிரியரோடு அவர் பெற்ற பயிற்சியும் புறப்பட்டுவிடுகிறது. வயலில் உழைக்கும் பெற்றோரின் பிள்ளைகள் அடுத்துவரும் புதியவருக்காகக் காத்திருக்கின்றனர். கொழும்பின் பெரிய கல்லூரிக்கும் மல்லாவியின் ஒதுக்குப்புறப் பள்ளிக்கும் ஒரே அளவுகோல் என்பது பார்வைக்குச் சமத்துவம். விளைவில் அது அநீதி.

1966ஆம் ஆண்டு ஒக்டோபர் 5ஆந் தேதி யுனெஸ்கோவும் சர்வதேசத் தொழிலமைப்பும் சார்ந்து நிறைவேறிய ஆசிரியர் அந்தஸ்துப் பற்றிய பரிந்துரை இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. சேவைக்காலக் கல்வி எல்லா ஆசிரியர்க்கும் இலவசமாகக் கிடைக்க வேண்டும், அது ஆசிரியர் அமைப்புக்களோடு கலந்து திட்டமிடப்பட வேண்டும், தொலைவிடங்களிற் பணிபுரிவோர்க்கு வீட்டு வசதி வேண்டும் என்றெல்லாம் அது வலியுறுத்துகிறது. அதாவது, ஆசிரியரை அளக்கும் முன் அரசும் அளக்கப்பட வேண்டும். இப்பாதியை மறந்து அப்பாதியை மட்டும் ஏந்துவோரின் நோக்கத்தை நாம் ஐயுறுதல் தவறாகாது.

அதே வேளையில் நம் அணியினரிடமும் ஒன்று கூறவேண்டியுள்ளது. 2021ஆம் ஆண்டு யூலை முதல் ஒக்டோபர் வரை சம்பள முரண்பாட்டை எதிர்த்து ஆசிரியர்கள் நடத்திய போராட்டம் நியாயமானது. வயிறு காய்ந்தவனிடம் வாண்மை பேசுதல் கேலிக்கூத்து. ஆனால் சம்பளத்துக்காக ஒன்றுபடத் தெரிந்த சங்கங்கள், கற்பித்தலின் தரத்தைக் குறித்துத் தம் சொந்தத் திட்டமொன்றை முன்வைக்கத் தயங்குவதேன்? தனியார் வகுப்பில் ஊக்கமும் பாடசாலையிற் சோர்வும் காட்டுவோரைத் தொழிற்சங்க ஒற்றுமையின் பெயரால் மூடி மறைத்தல், உழைக்கும் மக்களின் பிள்ளைகளுக்கு இழைக்கும் துரோகம். தராதரத்தை நாம் வகுக்காவிடின் பிறர் வகுப்பர். அவர்கள் நம் வகுப்பறையைக் கண்டிரார்.

நாம் வேண்டும் தராதரம் எளியது. பயிற்சி நேரம் பாடசாலை நேரசூசிக்குள் அமையட்டும்; சனி ஞாயிறைத் தின்னும் பயிற்சி வேண்டாம். தனித்து நிற்கும் பாட ஆசிரியர்கள் மாதமொரு முறையாவது கோட்ட மட்டத்திற் கூடிப் பாடம் ஆயட்டும்; பயணச் செலவை அரசு ஏற்கட்டும். ஆசிரிய ஆலோசகர் குற்றங்காணும் கண்ணோடு வாராது, தாமே ஒரு பாடம் நடத்திக் காட்டும் தோழராக வரட்டும். பதவியுயர்வுக்குச் சான்றிதழின் எண்ணிக்கையினும், ஆண்டு முழுதும் தொடர்ந்த வகுப்பறைப் பணி பெரிதெனக் கொள்ளப்படட்டும். பின்தங்கிய வலயத்துக்கு முதலில் வளம், பின்னரே அளவை என்ற ஒழுங்கு சட்டத்திலேயே எழுதப்படட்டும்.

நல்லாசிரியனுக்கு உவமை கூறவந்த பவணந்தியார் நிலத்தையும் மலையையும் மலரையும் சொன்னதோடு நில்லாது தராசையும் சேர்த்துச் சொன்னார். ஆசிரியன் வெறுமனே நிறுக்கப்படும் பொருளல்லன், நிறுக்கவும் வல்லவன். அவனை விலக்கிவிட்டு ஆக்கப்படும் எந்த அளவுகோலும் கோணலாகவே இருக்கும். மல்லாவியின் மண்சாலையில் நடந்து பள்ளிக்கு வரும் பிள்ளைக்கு நேரான அளவுகோலே உரியது. அதனை ஆக்கும் பணியை ஆசிரியரும் பெற்றோரும் மாணவரும் தம் கையில் எடுப்பாராக.