ஆன்சரின் கழுத்து

கோல்ஃப் பட்டர் வாங்கப் போகும் நண்பர்கள் தலையைத்தான் பார்க்கிறார்கள். மாலெட்டா, பிளேடா என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. நான் முதலில் பார்ப்பது கழுத்தை. தலையும் ஷாஃப்டும் சேர்கிற அந்தச் சிறு உலோகத் துண்டில்தான் ஒரு பட்டரின் குணம் இருக்கிறது என்பது என் கட்சி.

அதில் உச்சம் பிங் ஆன்சர். ஜெனரல் எலக்ட்ரிக்கில் பொறியாளராக இருந்த கார்ஸ்டன் சோல்ஹைம், 1966 ஜனவரியில் ஓர் இசைத்தட்டின் உறைமேல் வரைந்த வடிவம். எடையை ஹீலுக்கும் டோவுக்கும் பிரித்துவைத்து, நடுவில் படாத பந்தையும் ஓரளவு நேராக ஓடவைத்தார். எல்லோரும் அதைத்தான் புகழ்கிறார்கள். எனக்கு அதைவிடப் பெரிதாகத் தெரிவது, ஷாஃப்டை ஃபேஸுக்குச் சற்று முன்னால் கொண்டுபோய் நிறுத்தும் அந்த பிளம்பர் நெக். பந்தின் முன் நின்றதுமே கைகள் முன்னால் வந்துவிடுகின்றன. யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஃபேஸ் அவசரப்பட்டு மூடிக்கொள்வதும் குறைகிறது. 1969 மாஸ்டர்ஸை ஜார்ஜ் ஆர்ச்சர் இதைக் கொண்டுதான் வென்றார். டைகர் உட்ஸ் 14 மேஜர்களை வென்ற ஸ்காட்டி கேமரான் நியூபோர்ட் 2-வும் இந்தக் குடும்பத்துப் பிள்ளைதான். கழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

கழுத்தைப் பற்றி இவ்வளவு பேசக் காரணம் உண்டு. ஷாஃப்டை விரல்மேல் கிடத்திப் பாருங்கள்: அதே தலையில் பிளம்பர் நெக்கை எடுத்துவிட்டு ஃப்ளோ நெக்கை வைத்தால் டோ இன்னும் கீழே தொங்கும். இரட்டை வளைவு ஷாஃப்டை மாட்டினால் ஃபேஸ் வானம் பார்க்கும். தலை ஒன்றுதான், பட்டர் மூன்று. பெரிய வளைவில் வீசுகிறவருக்கு ஃப்ளோ நெக், நேர்கோட்டில் இழுத்துத் தள்ளுகிறவருக்கு இரட்டை வளைவு. நம்மில் பெரும்பாலோர் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறவர்கள், நமக்கு ஆன்சர். பென் கிரென்ஷாவின் வில்சன் 8802-ஐ நினைத்துப் பாருங்கள். டோ நன்றாகத் தொங்குகிற மெல்லிய பிளேட். அவருடைய நீண்ட, வழுக்கிச் செல்லும் வீச்சுக்கு அது பொருந்தியது. 1984-இல் மாஸ்டர்ஸையே வாங்கித் தந்தது. வீச்சை நேராக வைத்துக்கொள்கிற ஒருவர் அதை எடுத்தால் பந்து வலதும் இடதுமாக அலையும்.

வீச்சில் ஃபேஸ் தானாகத் திரும்பாதபடி செய்த ஜீரோ டார்க் பட்டர்களைப் போற்றும் நண்பர்கள் 2025 யு.எஸ். ஓப்பனைக் காட்டுவார்கள். ஓக்மான்ட்டின் கடைசிக் கிரீனில் ஜே.ஜே. ஸ்பான் அப்படியொரு பட்டரால் 64 அடித் தொலைவிலிருந்து குழியில் போட்ட அந்தப் பந்தை நானும் கொண்டாடினேன். அவற்றின் பெரிய தலையும் புதிதல்ல. 1986-இல் 46 வயது நிக்லாஸ் மாஸ்டர்ஸை வென்றது மெக்ரெகரின் பெரிய ரெஸ்பான்ஸ் பட்டரால்தான். ஆனாலும் கை செய்யும் தவறைக் கருவியே விழுங்கிவிட்டால் கை எதைக் கற்கும்? கோணலாக அடித்தால் ஆன்சர் அதை உள்ளங்கைக்குச் சொல்லிவிடும். அந்தக் கண்டிப்பு எனக்கு வேண்டும். இதில் அவர்களோடு ஒத்துப்போக என்னால் முடிவதில்லை.

என் வருத்தம் வேறு. பட்டர்கள் ஊமையாகிவிட்டன. சோல்ஹைமின் முதல் பட்டரான 1ஏ, பந்தில் பட்டதும் எழுப்பிய ஒலிதான் பிங் என்ற பெயராயிற்று. பழைய வெண்கல ஆன்சரில் நடுவில் பட்ட பந்துக்கு ஒரு ஓசை, ஓரத்தில் பட்டதற்கு வேறு ஓசை. தூரத்தைக் காதால் கற்றோம். இன்று ஃபேஸில் பிளாஸ்டிக்கைப் பதித்து எல்லா அடிக்கும் ஒரே மந்தமான சத்தம் வரும்படி செய்துவிட்டு, அதற்கு மென்மை என்று பெயர் சூட்டுகிறார்கள். நல்ல பட்டர்களோ லிமிடெட் எடிஷன் என்ற முத்திரையோடு கண்ணாடி அலமாரிக்குள் உறங்குகின்றன. கிரீனைப் பார்க்காத பட்டருக்கு அத்தனை விலை!

கடைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கம்பளத்தின் மேல் ஆறடியில் எல்லாப் பட்டரும் பந்தைப் போடும், அதை நம்பாதீர்கள். நீங்கள் ஆடும் பந்தையே எடுத்துப்போய், முடிந்தால் உண்மையான கிரீனில், 30 அடியிலிருந்து அடித்துப் பாருங்கள். 35 அங்குலம் நீளமாகத் தோன்றினால் வெட்டச் சொல்லுங்கள். ஆனால் வெட்டியபின் தலை இலேசாகத் தோன்றும், அதற்கேற்ப எடை கூட்டித் தரும்படி கேளுங்கள். லை கோணத்தையும் நீங்கள் நிற்கும் நிலைக்கு ஏற்ப வளைத்து வாங்குங்கள். கழுத்தைப் பார்க்காமல் மட்டும் பணத்தைக் கட்டாதீர்கள்.