உழைப்பைக் காட்டும் கல்

நினைவுச்சின்னம் என்பது மாண்டவரைப் பற்றி இருப்பவர் கல்லில் எழுதிவைக்கும் கூற்றாகும். எனவே, ஒரு நூலைத் திறனாய்வதுபோல் அதனையும் திறனாயலாம். அது யாரைப் போற்றுகிறது? யாரைக் கூறாது விடுகிறது? இவ்விரு வினாக்களும் அத்தகைய ஆய்வுக்கு அடிப்படையாகும்.

1912 ஏப்ரல் 15-ஆம் நாள் டைட்டானிக் கப்பல் அட்லாண்டிக் கடலில் மூழ்கியபோது 1,500 பேருக்கு மேல் மாண்டனர். கப்பலின் பொறியாளர்களில் ஒருவரேனும் உயிர் தப்பவில்லை. கப்பல் மூழ்குவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்வரை விளக்குகள் எரிந்தன. அடித்தளத்தில் நின்று கடமையாற்றியோரின் உழைப்பே அதற்குக் காரணம்.

கப்பல் புறப்பட்ட சவுத்தாம்டன் நகரில், 1914 ஏப்ரலில் பொறியாளர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் திறக்கப்பட்டது. நடுவே சிறகு விரித்த வெண்கலத் தேவதை நிற்கிறாள். இருமருங்கும் பொறியாளர் உருவங்கள் கல்லில் செதுக்கப்பட்டுள்ளன. மாண்டவர் பெயர்களும் பொறிக்கப்பட்டுள்ளன. கலையழகு மிக்க படைப்பே எனினும், காண்போர் கண் முதலில் சிறகுகளையே நாடுகிறது. மனிதர் பின்னரே தென்படுகின்றனர். கொதிகலனுக்குக் கரி அள்ளியிட்ட தொழிலாளர்க்கோ அதில் இடமில்லை. அவர்களுக்கும் மாலுமிகளுக்கும் பயணிகளைக் கவனித்த பணியாளர்களுக்குமாக 1915-இல் எளிய கல் நீரூற்று ஒன்று எழுந்தது. கைம்பெண்களும் தாய்மாரும் நண்பர்களும் திரட்டிய பணத்தில் எழுந்தது அது. பின்னர்ச் சிலர் அதனைச் சேதப்படுத்தியமையால், 1972-இல், போரில் குண்டுவீச்சுக்கு இரையான ஹோலிரூட் தேவாலயத்தின் இடிபாடுகளுக்குள் மாற்றி வைக்கப்பட்டது.

ஒரே கப்பலில் ஒரே இரவில் மாண்டவர்க்கு ஒரே நகரில் இருவேறு கற்கள்! பதவி வேற்றுமை சாவுக்குப் பின்னும் நீங்கவில்லை.

இக்குறையை நீக்க முயன்றது லிவர்பூல் துறைமுகத்தருகே 1916-இல் திறக்கப்பட்ட கருங்கல் தூண். அதனைப் படைத்தவர் சர் வில்லியம் கோஸ்கம் ஜான் என்னும் சிற்பி. டைட்டானிக் பொறியாளர்க்கென்றே தொடங்கப்பட்ட அத்திட்டம், முதல் உலகப் போரில் கடலில் மாண்டோர் பெருகியமையால், கப்பல் இயந்திர அறைகளில் உயிர் நீத்த அனைவர்க்கும் உரியதாக விரிந்தது. தூணின் ஒரு பக்கம் பொறியாளர் இருவர். மறுபக்கம் கரி அள்ளுவோர் இருவர். ஆளுயர உருவங்கள், ஒரே கல், ஒரே மதிப்பு. கரி அள்ளுபவன் வெற்று மார்புடன், அனல் முன் உழைத்த கோலத்திலேயே நிற்கிறான். நடுகல்லில் வீரனோடு அவன் ஏந்திய படைக்கலமும் பொறிக்கப்படுவதை அறிந்த தமிழ் மாணவர்க்கு, தொழிற்கோலத்தை மாற்றாது செதுக்கிய இச்சிற்பியின் உள்ளம் எளிதில் விளங்கும்.

எனினும், இத்தூணிலும் ஒரு குறையுண்டு. அனைவரையும் போற்ற விரிந்தமையால் தனியொருவர் பெயரும் அதில் இல்லை. தாய்க்குத் தன் மகனின் பெயரே ஆறுதல். 'அனைவரும்' என்னும் சொல் அவள் துயரை முற்றும் ஆற்றாது. சவுத்தாம்டனின் தேவதை பெயரைத் தந்து தொழிலாளரை விட்டாள். லிவர்பூல் தூண் தொழிலாளரைத் தந்து பெயரை விட்டது.

ஆயினும், இவ்விரண்டனுள் தூணே உயர்ந்ததெனக் கொள்ளலாம். விடுபட்ட பெயரை வரலாற்று ஏடுகளில் தேடிக் காணலாம். மறுக்கப்பட்ட மதிப்பை எந்த ஏட்டில் தேடுவது? ஒரு சின்னத்தின் அழகை வியக்கும் மாணவர், அதில் யார் இல்லை என்பதையும் கேட்டறியப் பழகுதல் வேண்டும்.