ரேக்கை மாற்றுவதா, திறப்பதா?

மஸ்டா ஆர்எக்ஸ்-8 வைத்திருப்பவர்களுக்குப் பழக்கமான கோளாறு ஒன்று உண்டு. நேற்றுவரை லேசாகத் திரும்பிய ஸ்டியரிங், இன்று காலை வண்டியைக் கிளப்பியதும் கல்லாகக் கனக்கும். மீட்டரில் எச்சரிக்கை விளக்கு எரியும். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தால் சில நேரம் சரியாகிவிடும். நல்ல மழை பெய்த மறுநாள் திரும்பவும் வரும். 2003இல் வெளிவந்து, 2012இல் உற்பத்தி நின்றுபோன கார் அது. கொழும்புத் தெருக்களில் ஓடுகிறது. தனியாக இறக்குமதி செய்த சிலரிடம் இந்தியாவிலும் இருக்கிறது. காரும் ஒன்று, கோளாறும் ஒன்று. ஆனால் விளக்கு எரிந்ததும் கொழும்புக்காரர் "சாமான் எங்கே கிடைக்கும்?" என்று கேட்கிறார். சென்னைக்காரர் "யார் செய்து தருவார்?" என்று கேட்கிறார். பழைய ஸ்போர்ட்ஸ் கார்களின் எலக்ட்ரிக் ஸ்டியரிங் ரேக்கை இரு நாட்டு மெக்கானிக்குகளும் எப்படிக் கையாளுகிறார்கள் என்று பார்த்தால், இந்த இரண்டு கேள்விகளும் கடைசிவரை கூடவே வருகின்றன.

பவர் ஸ்டியரிங் என்றால் எண்ணெய், பம்பு, பெல்ட், குழாய் என்றே பல காலம் இருந்தது. 1988இல் சுசுகி செர்வோ என்ற குட்டிக் காரில் மின்மோட்டார் அந்த வேலையை எடுத்துக்கொண்டது. 1990இல் வந்த ஹோண்டா என்எஸ்எக்ஸில் மோட்டார், முன்சக்கரங்களைத் திருப்பும் பல்தண்டான ரேக்கோடு சேர்ந்தது. 1999இல் வந்த ஹோண்டா எஸ்2000, பிறகு ஆர்எக்ஸ்-8 ஆகியவையும் அதே வழிதான். ஸ்டியரிங்கைத் திருப்பும்போது, ரேக்கைத் தள்ளும் பல்சக்கரமான பினியனோடு சேர்ந்த மெல்லிய முறுக்குக் கம்பி கண்ணுக்குத் தெரியாத அளவு முறுகும். டார்க் சென்சார் அந்த முறுக்கத்தை மின்னழுத்தமாக்கிக் கன்ட்ரோல் யூனிட்டுக்கு அனுப்பும். கன்ட்ரோல் யூனிட் வண்டியின் வேகத்தையும் பார்த்துக்கொண்டு மோட்டாருக்குக் கரண்ட் விடும். பார்க்கிங்கில் நிறைய, நெடுஞ்சாலையில் கொஞ்சம். கிடைக்கும் தகவலில் சந்தேகம் வந்தால் மோட்டாரை அப்படியே நிறுத்திவிடும். ஸ்டியரிங்குக்கும் சக்கரத்துக்கும் இடையே உள்ள இரும்புத் தொடர்பு அப்போதும் அறாது. வண்டி திரும்பும், தோள்தான் வலிக்கும்.

எண்ணெய் ரேக்குக்கு சீல் கிட் வாங்கிப் பிரித்துப் போடலாம். எலக்ட்ரிக் ரேக்குக்கு அப்படி எதுவும் கிடையாது. கம்பெனி விற்பது முழு அசெம்பிளி மட்டுமே. உள்ளே ஒரு புஷ் தேய்ந்தாலும், மோட்டாரின் கார்பன் பிரஷ் தேய்ந்தாலும், கம்பெனி சொல்லும் பதில் புது அசெம்பிளி என்பதுதான். இருபது வருடப் பழைய காருக்கு அந்தப் பணத்தைக் கொட்ட யாருக்கும் மனம் வராது. ஆகவே இரண்டு நாட்டிலும் வேறு வழி தேடினார்கள்.

இலங்கைக்கு வழி காட்டியது ஜப்பான். அங்கும் இடதுபுறம் ஓட்டுகிறார்கள், ஸ்டியரிங் வலதுபுறம். அங்கே கழித்த வண்டியின் ரேக் இலங்கை வண்டியில் அப்படியே பொருந்தும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் ஜப்பானிலிருந்து வந்த பாவித்த பாகங்கள் கூரைவரை அடுக்கியிருக்கும். வண்டியின் முன்பாதியை வெட்டி அனுப்பும் ஹாஃப் கட்டிலிருந்து இன்ஜின், கியர்பாக்ஸ், ரேக் எல்லாம் கழன்று வரும். தெல்கந்தவிலும் இதே வியாபாரம்தான். யாழ்ப்பாணத்துக்காரர் ஸ்டான்லி வீதியில் விசாரிப்பார். இல்லையென்றால் கொழும்புக்குச் சொல்லிவிட்டு பஸ்ஸில் வரவழைப்பார்.

இந்த வியாபாரம் அங்குள்ள மெக்கானிக்குகளுக்கு ஒரு தனித் திறமையைக் கொடுத்திருக்கிறது. வார்ப்பைப் பார்த்தே எந்த மாடல், எந்த ரகம் என்று சொல்லிவிடுவார்கள். சப்ஃபிரேமை இறக்கி ரேக்கை எடுத்து, வேறொன்றைப் பூட்டி, சில்லுகளை நேராக்கும் வேலையில் அவர்களுடைய கை அவ்வளவு சுத்தம். ஆனால் கடையில், "நானா, இது வேலை செய்யுமா?" என்று கேட்டால், "பூட்டிப் பாருங்கோ தம்பி, சரிவராட்டி கொண்டு வாங்கோ" என்பதுதான் பதில். எண்ணெய் ரேக்கில் ஒழுகல் கண்ணுக்குத் தெரியும். எலக்ட்ரிக் ரேக்கை மேசையில் வைத்துப் பார்த்தால் எதுவும் தெரியாது. பூட்டிய பிறகுதான் அதன் குணம் வெளியே வரும்.

இலங்கையில் நான் உண்மையாக மதிக்கிற பழக்கம் வேறொன்று. ஹோண்டா ஃபிட், டொயோட்டா பிரியஸ், அக்வா என்று ஜப்பானியக் கார்கள் ஏராளமாக வந்து இறங்கியதால், ஸ்கேனரைச் செருகிப் பார்க்காமல் ஸ்பேனரைத் தொடாத ஒரு தலைமுறை கராஜ்களில் உருவாகிவிட்டது. ஃபிட்டிலேயே ஸ்டியரிங் மோட்டார் கீழே ரேக்கோடுதான் இருக்கிறது. அதில் பழகியவருக்கு ஆர்எக்ஸ்-8 புதிர் இல்லை. முன்சில்லுப் பக்கம் போகும் வயர் சாக்கெட்டைக் கழற்றி, பின்களில் பச்சைப் பூஞ்சணம் மாதிரிப் படிந்த செப்புக் களிம்பைத் துடைத்து, காண்டாக்ட் கிளீனர் அடித்து மாட்டுவார். ஆர்எக்ஸ்-8இன் கனத்த ஸ்டியரிங்குக்குப் பல சமயம் மருந்து அவ்வளவுதான். ரேக்கைக் கழற்றவே வேண்டாம்.

தமிழ்நாட்டு நிலைமை வேறு. பாவித்த பாகங்களை இந்தியாவுக்குள் தாராளமாக இறக்குமதி செய்ய முடியாது. அதற்கு அரசின் அனுமதி வேண்டும். புதுப்பேட்டையில் உடைத்து விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஆனால் அங்கே உடைபடுவது மாருதியும் ஹூண்டாயும் டாடாவும். ஆர்எக்ஸ்-8 எங்கிருந்து உடைபட வரும்? துபாயில் சொந்தக்காரர் இருந்தால் ஹெட்லைட்டோ கதவோ வாங்கி அனுப்பச் சொல்லலாம். ரேக் மட்டும் ஆகாது. அங்கே ஓடுவது இடதுபக்க ஸ்டியரிங் வண்டி; பினியன் எதிர்ப்பக்கத்தில் இருக்கும். இங்கிலாந்திலிருந்து வரவழைத்தால் பக்கம் பொருந்தும். ஆனால் பனிக்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்த ரேக்கை வெளியிலிருந்து அரித்திருக்கும்.

அதனால் தமிழ்நாட்டில் லேத்துப் பட்டறைதான் கதி. கோயம்புத்தூரிலும் சென்னையிலும் ரேக் வேலை தெரிந்த கைகள் நிறைய. "கழட்டிக் குடுத்துட்டுப் போங்கண்ணே, புஷ் அடிச்சுத் தர்றேன்" என்று சொல்லும் துணிச்சல் இலங்கையில் அவ்வளவு எளிதாகக் கேட்கக் கிடைக்காது. ரேக் ஷாஃப்டை உருட்டி வளைவு பார்ப்பது, தேய்ந்த புஷ்ஷை எடுத்துவிட்டு டெல்ரினிலோ கன்மெட்டலிலோ புதிதாகக் கடைவது, உள் பால் ஜாயிண்டுக்குப் புது கப் போடுவது எல்லாம் அன்றாட வேலை. இந்தக் கைத்திறன் இல்லாவிட்டால் இந்தியாவில் பல அரிய கார்கள் எப்போதோ இரும்புக் கடைக்குப் போயிருக்கும்.

ஆனால் சிக்கலும் இந்தத் துணிச்சலில்தான் வருகிறது. இந்தியச் சிறிய கார்களில் பெரும்பாலும் மோட்டார் டேஷ்போர்டுக்குக் கீழே, ஸ்டியரிங் தண்டில் இருக்கிறது. கீழே இருப்பது வெறும் மெக்கானிக்கல் ரேக். சென்னையின் ரானே நிறுவனம் ஜப்பானிய என்எஸ்கேயுடன் சேர்ந்து வருடக்கணக்காகத் தயாரித்துவந்ததும் அந்த வகை ஸ்டியரிங் தண்டுதான். ஆகவே வேலையும் இரண்டாகப் பிரிந்துவிட்டது. தண்டில் கோளாறு என்றால் எலக்ட்ரீஷியன், ரேக் ஆடினால் லேத்துக்காரர். மோட்டாரும் சென்சாரும் ரேக்கிலேயே உட்கார்ந்திருக்கும் ஸ்போர்ட்ஸ் கார் வந்தால் அது இருவருக்கும் நடுவே விழுகிறது. லேத்துக்காரர் வயரைப் பார்ப்பதில்லை, எலக்ட்ரீஷியன் புஷ்ஷைப் பார்ப்பதில்லை.

அந்தப் புஷ்ஷை மட்டும் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ரேக்கின் ஓரத்தில் ஷாஃப்டைத் தாங்கும் சின்ன வளையம் அது. தேய்ந்தால் பள்ளத்தில் இறங்கும்போது 'கடக் கடக்' என்று சத்தம் வரும். லேத்துக்காரர் அதைச் சத்தம் வராத அளவுக்கு இறுக்கமாகக் கடைந்து அடிக்கிறார். பினியனுக்கு எதிரே ஸ்பிரிங்கோடு ரேக்கைத் தாங்கும் கைடு நட்டையும் கால் சுற்று சேர்த்து முடுக்குகிறார். எண்ணெய் ரேக்கில் இது பெரிய தப்பாகத் தெரியாது. எண்ணெயின் அழுத்தம் அந்த உராய்வை விழுங்கிவிடும். எலக்ட்ரிக் ரேக்கில் அப்படி இல்லை. உராய்வு கூடினால் வளைவில் திரும்பிய பிறகு ஸ்டியரிங் தானாக நடுவுக்கு வராது. ஓட்டுபவர் இழுத்துக் கொண்டுவர வேண்டும். முறுக்குக் கம்பி கூடுதலாக முறுகும், கன்ட்ரோல் யூனிட் கூடுதல் கரண்ட் கேட்கும், மோட்டார் சுடும். நெரிசலில் நாலு தரம் வண்டியைத் திருப்பிப் பார்க் செய்தால், சூட்டைத் தாங்காமல் யூனிட் உதவியைக் குறைத்துவிடும். சத்தத்துக்காகப் போன கார், கனத்த ஸ்டியரிங்கோடு திரும்பிவரும். அப்புறம் "மோட்டார் போச்சு" என்று தீர்ப்பாகிவிடும். மோட்டார் எங்கேயும் போகவில்லை. புஷ்ஷின் உள்விட்டம் ஒரு தலைமுடி அளவு குறைந்திருந்தது, அவ்வளவுதான்.

இலங்கை வழிக்கும் இப்போது முட்டுக்கட்டை வந்திருக்கிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை அரசு நிறுத்தியது. 2022இல் டாலர் இல்லாமல், இறக்குமதிக்கான வங்கிக் கடிதமான எல்சி திறக்க முடியாத மாதங்களும் வந்தன. சில வாரங்களுக்குள் ரூபாய் சரிந்து, சுமார் 200 ரூபாயாக இருந்த டாலர் 350ஐத் தாண்டியது. மாற்றியே பழகிய கைகள் ரேக்கைத் திறக்கத் தொடங்கியது அப்போதுதான். மோட்டாரைப் பிரித்து, கரித்தூளை ஊதி, கம்யூட்டேட்டரை மெல்லத் தேய்த்து, வேறு மோட்டாரின் கார்பன் பிரஷ்ஷை அளவுக்குச் சீவிப் போட்டார்கள். 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதி மறுபடி திறந்தது. ஆனால் வயது வரம்பு இருப்பதால் வருவது புதிய மாடல்களே. ஜப்பானிலும் ஆர்எக்ஸ்-8, எஸ்2000 காலத்து வண்டிகள் குறைந்துகொண்டே வருகின்றன. இனிமேல் பஞ்சிகாவத்தையில் கிடைக்கக்கூடிய ரேக்குக்கும் நம் வண்டியில் இருக்கிற ரேக்குக்கும் ஒரே வயதுதான். அதிலும் பிரஷ் தேய்ந்திருக்கும், அதன் இரு முனைகளை மூடும் ரப்பர் உறையான பூட்டும் வெடித்திருக்கும். மாற்றினால் முடிந்தது என்ற நம்பிக்கைக்கு இனி இடமில்லை.

ரப்பர் பூட்டை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் தண்ணீர். ரேக் இருப்பது சக்கரத்தின் அச்சு உயரத்தில். ஸ்போர்ட்ஸ் காரில் அது இன்னும் தாழ்வு. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்திலும், 2016 மே மாதம் களனி ஆறு பெருகியபோதும் இன்ஜினுக்குள் தண்ணீர் போன வண்டிகளைப் பற்றித்தான் எல்லோரும் பேசினார்கள். முழங்கால் அளவுத் தண்ணீரில் தப்பி வந்த வண்டிகளின் ரேக்கை யாரும் பார்க்கவில்லை. கிழிந்த பூட் வழியாகப் போன தண்ணீர் வெளியே வர வழி கிடையாது. ஷாஃப்டில் துரு பிடிக்கும், அந்தத் துரு புஷ்ஷை அரைக்கும், ஈரம் மோட்டார் பக்கமும் ஏறும். இரு நாட்டிலும் பூட்டின் விலை ரேக் விலையில் ஒரு துளி. அதை முன்கூட்டியே மாற்றச் சொல்லும் மெக்கானிக்கை இரண்டு பக்கமும் அபூர்வமாகவே பார்க்கிறோம்.

எது சிறந்தது என்று கேட்டால் என் பதில் ஒளிவுமறைவு இல்லாதது. கோளாறைக் கண்டுபிடிக்கும் விஷயத்தில் இலங்கை முன்னால் நிற்கிறது. ரேக்கின் இரும்புப் பாகத்தைச் செய்வதில் தமிழ்நாட்டுப் பட்டறையை மிஞ்ச ஆளில்லை. டார்க் சென்சார் என்று வரும்போது இரண்டு பேருமே கையை எடுத்துவிட வேண்டும். முறுக்குக் கம்பியும் பினியனும் தொழிற்சாலையில் நடுநிலை பார்த்துப் பின் அடித்துப் பூட்டியவை. அந்தப் பின்னைத் தட்டி எடுத்து மறுபடி அடித்தால் நடுநிலை தவறும். நடுநிலை தவறிய சென்சார், ஓட்டுபவர் திருப்பாமலே ஒரு பக்கம் திருப்புவதாகச் சொல்லும். மோட்டாரும் அதை நம்பி அந்தப் பக்கம் தள்ளும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று விளக்கத் தேவையில்லை. சென்சார் கெட்டால் பினியனோடு முழுத் துண்டாக இன்னொரு ரேக்கிலிருந்து எடுத்துப் போடுவதே முறை. அங்கே இலங்கைக்காரரின் அலமாரி தமிழ்நாட்டுக்காரரின் லேத்தைவிடப் பயன்படும்.

வேலையின் வரிசையும் முக்கியம். முதலில் பேட்டரி, ஆல்டர்னேட்டர், எர்த் வயர். பார்க்கிங்கில் இந்த மோட்டார் பல பத்து ஆம்பியர் கரண்டை ஒரே மூச்சில் இழுக்கும். பலவீனமான பேட்டரியே விளக்கை எரியவைக்கும். பிறகு சாக்கெட்டுகள். பிறகு ஸ்கேனர். அதற்கும் பிறகு முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மோட்டார் சாக்கெட்டைக் கழற்றிவிட்டு, கையால் ஸ்டியரிங்கை ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குத் திருப்பிப் பார்ப்பது. எங்காவது பிடித்தால் கோளாறு இரும்பில். சீராக ஓடினால் கோளாறு மின்சாரத்தில். இந்தச் சோதனைக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பாதி ரேக்குகள் தேவையில்லாமல் கழற்றப்படுவது இதைச் செய்யாததால்தான் என்பது என் எண்ணம். புஷ் போட்டு முடித்தபின் வண்டியில் பூட்டுவதற்கு முன்பே ஷாஃப்ட் கையால் வழுக்கிப் போகிறதா என்று பார்க்க வேண்டும். பூட்டியபின் நடுநிலையை ஸ்கேனரில் பதிய வேண்டும். அலைன்மெண்டும் பார்க்க வேண்டும்.

பழைய ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ரேக்கைக் கழற்றச் சம்மதிக்கும் முன், சாக்கெட்டைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றினால், டை ராடு எண்டுக்குப் பழைய ஸ்பிளிட் பின்னைத் திரும்பப் போடவிடாதீர்கள். சென்சாரைப் பிரிக்கிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியை அங்கிருந்து எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். ஐப்பசி மழை தொடங்கும் முன் கீழே குனிந்து இரண்டு பக்க ரப்பர் பூட்டையும் டார்ச் அடித்துப் பாருங்கள்.