நீலமும் வயதும்

படத்தைப் பார்ப்பது வேறு, படிப்பது வேறு. கதைகளுக்குச் சொல்லும் இந்த விதி ஆகாயத்துப் படங்களுக்கும் செல்லும் என்பதற்கு ஒரு சிறு நட்சத்திரக் கூட்டத்தின் சரித்திரம் சாட்சி.

சப்தரிஷி மண்டலத்தின் திசையில் இருக்கிறது அது. பிரிட்ஸ் ஸ்விக்கி 1930-களில் கண்டது. அவருடைய முதல் பட்டியலில் 18-ஆவதாக இருப்பதால் அதுவே பெயராயிற்று. நம் பால்வீதியோடு ஒப்பிட்டால் வெறும் பொட்டு. ஆனால் பளிச்சென்ற நீலம். அதன் வாயுவில் பிராணவாயு நம் சூரியனில் உள்ளதில் சுமார் முப்பதில் ஒரு பங்குதான். இத்தகைய மூலகங்களைத் தலைமுறை தலைமுறையாகச் சமைத்து வெளியே விடுபவை நட்சத்திரங்களே. ஆகவே இங்கே அடுப்பு மூட்டியதே சமீபத்தில்தானோ என்று கேட்க இடம் உண்டு. அல்லது, நெடுங்காலம் தூங்கி அவ்வப்போது விழித்துக்கொள்கிற ஜாதியாகவும் இருக்கலாம். 1970-களிலேயே இரண்டு வழியும் பேசப்பட்டன.

2004-ல் இஸோடோவும் துவானும் ஹப்பிள் தொலைநோக்கியின் படங்களை ஆராய்ந்து முதல் வழியைத் தேர்ந்தார்கள். வயதான செந்நிற நட்சத்திரங்களைக் காணோம். எனவே வயது 50 கோடி ஆண்டுக்கு மேல் இராது என்றார்கள். 1,380 கோடி வயதான பிரபஞ்சத்தில் இது கைக்குழந்தை அல்லவா? எல்லோருக்கும் பிடித்த கதை அது.

2007-ல் அலெஸ்ஸாண்ட்ரா அலோய்ஸியும் அவருடைய குழுவினரும் அதே ஹப்பிளைக் கொண்டு இன்னும் ஆழமாகப் பார்த்தார்கள். ஒளி கூடிக் குறையும் ஸெபீட் நட்சத்திரங்களை வைத்துத் தூரத்தையும் அளந்தார்கள். 5 கோடியே 90 லட்சம் ஒளி ஆண்டு; முன்பு எண்ணியதைவிட அதிகம். தூரம் கூடினால் மங்கலும் கூடும். தேடிய செந்நட்சத்திரங்கள் அந்த மங்கலில்தான் இருந்தன. வயது குறைந்தது 100 கோடி ஆண்டு. 1,000 கோடியாகவும் இருக்கலாம்.

முதலில் பார்த்தவர்கள் கண்ணை மூடிக்கொண்டு சொன்னவர்கள் அல்லர். 'காணோம்' என்றது உண்மை. அதிலிருந்து 'இல்லை' என்பதற்குத் தாண்டிய ஒரு அடியில்தான் கோணல். நீலம் அந்த அடியை எளிதாக்கிவிட்டது. பெரிய நீல நட்சத்திரங்கள் சில பத்து லட்சம் ஆண்டுகளில் எரிந்து தீர்ந்துவிடும். எரிகிற வரையில் மற்றவற்றைக் கண்ணுக்குத் தெரியவிடாது. கல்யாணத்தில் நாயனம் முழங்கும்போது உள்ளறையில் பாட்டி பேசுவது கேட்பதில்லை. அதனால் அந்த வீட்டில் பாட்டியே கிடையாது என்று சொல்லிவிடலாமா?

நம்முடைய இலக்கிய விமரிசனத்திலும் இதே அவசரத்தைப் பார்க்கிறேன். ஒருவன் கொஞ்சம் பளிச்சென்று எழுதிவிட்டால், இவனுக்கு முன்னோரே இல்லை என்று தீர்ப்பாகிவிடுகிறது. அவன் படித்து வளர்ந்த மங்கலான பெயர்களைத் தேட யாருக்கும் பொறுமை இல்லை. மறதிக்குப் போவது அந்தப் பெயர்கள்தாம்.

வயது தெரிந்ததால் அந்த நீலப் பொட்டு என் மதிப்பில் குறைந்துவிடவில்லை. பிறந்த குழந்தை துள்ளுவதில் என்ன அதிசயம்? நூறு கோடி ஆண்டுக்குப் பிறகும் புதிதாக நட்சத்திரங்களைப் பெற்றுக்கொண்டிருக்கிறதே, அதையல்லவா முதலில் சொல்லியிருக்க வேண்டும்!