ஸ்பிரிங் வாஷர் மேல் வைத்த நம்பிக்கை

மாகறலிலிருந்து காஞ்சிபுரத்துக்கு தினமும் பைக்கில் போய் வருகிறேன். சைலன்சர் போல்ட் மூன்றாவது முறை கழன்றபோது மெக்கானிக் அண்ணன் சொன்னார்: "ஸ்பிரிங் வாஷர் போட்டு நல்லா இறுக்கிட்டேன் தம்பி, இனிமே கழலாது, அதிரவும் அதிராது."

முதலில் வாஷர். அமெரிக்க நாசா 1990-ல் வெளியிட்ட போல்ட் வடிவமைப்புக் கையேடு இதை ஒரே போடாகப் போடுகிறது: முழுசாக இறுக்கியதும் ஸ்பிரிங் வாஷர் தட்டையாகிவிடும், அதற்குமேல் அது சாதா வாஷர்தான்.

அப்போ போல்ட் ஏன் கழலுது? 1969-ல் கெர்ஹார்ட் யுங்கர் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதற்குப் பதில் சொன்னது. மாடு கட்டும் முளையை நேராக இழுத்தால் வராது. பக்கவாட்டில் ஆட்டினால் வந்துவிடும். போல்ட்டும் ஏறக்குறைய அப்படித்தான். இணைப்பு பக்கவாட்டில் வழுக்கும் கணத்தில் உராய்வு அந்தத் திசையிலேயே செலவாகிவிடுகிறது. மரையின் சரிவில் நட் தானே திரும்புகிறது.

இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்கள் வழுக்கலே எதிரி என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். என் குறை அங்கேதான். 1956-லேயே குட்மேன், கிளம்ப் இருவரும் மறுபக்கத்தைக் காட்டியிருந்தார்கள்: இணைப்பின் நுண்ணிய வழுக்கல்தான் அதிர்வின் ஆற்றலைச் சூடாக்கித் தின்கிறது. அழுத்தம் ரொம்பக் கூடினால் வழுக்கலே இல்லை, தணிப்பும் இல்லை. ரொம்பக் குறைந்தால் உராய்வு இல்லை. நடுவில் ஒரு அளவு இருக்கிறது. ஆனால் அந்த அளவில் வைத்தால் உலோகம் தேயும், போல்ட் தளரும்.

ஆக, அண்ணன் சொன்னதில் பாதி சரி. இறுக்கினால் கழலாது; அதிர்வு மட்டும் போகாது. "நல்லா இறுக்கிட்டேன்" என்பதும் அளவு இல்லை. ஸ்பேனரில் கொடுக்கும் முறுக்கில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கிறது. மிச்சமெல்லாம் உராய்வில் போகிறது. துருவோ எண்ணெயோ இருந்தால் கணக்கே மாறிவிடும். சைலன்சர் என்றால் சத்தத்தோடு போகும்; சக்கரத்து நட் என்றால் உயிர் போகும்.

போல்ட்டுக்கு ஒரு வேலை போதும்: பிடிப்பது. அதுக்கு டார்க் ரெஞ்ச் வேணும். அதிர்வைத் தணிக்க ரப்பர் புஷ் இருக்கிறது. இன்னும் நல்லது, பிறக்கும் இடத்திலேயே குறைப்பது. நம் பக்கத்து ஒரகடத்தில் ஆலை வைத்திருக்கும் ராயல் என்ஃபீல்டு, 2020-ல் வந்த மீட்டியார் 350 எஞ்சினில் பேலன்சர் ஷாஃப்ட் வைத்தது அதற்காகத்தான்.

என் பைக்கைக் குனிந்து பார்த்தேன். சைலன்சர் புஷ் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஓட்டை.