நஞ்சும் நச்சும்

நஞ்சு என்பது உயிரைப் போக்கும் பொருளின் பெயர். அஃது உண்ணப்படுவதாயினும், பாம்பின் எயிற்றினின்று உடலுட் புகுவதாயினும், தமிழ் அவ்விரண்டிற்கும் வேறு வேறு சொல் வகுத்திலது. வேறுபாட்டைத் தாங்குவது வினைச்சொல்லே. ஒன்றை உண்கின்றோம், மற்றொன்று ஏறுகின்றது. ஏறும் நஞ்சு பிறிதோர் உயிரால் வருவது. உண்ணும் நஞ்சிலோ உண்பானுடைய அறிவும் விருப்பமும் கலந்து நிற்றல் கூடும். இச்சொல் உட்பொருள் சிறந்து வருமிடங்களை ஆராய்வார்க்கு இவ்வேறுபாடு இன்றியமையாதது.

எயிற்று நஞ்சுக்குப் புறநானூற்று 37-ஆம் பாட்டை ஒரு சான்றாகக் காட்டலாம். கிள்ளிவளவனைப் பாடும் மாறோக்கத்து நப்பசலையார், ஐந்தலை நாகம் புக்க மலைப்பிளவில் இடி வீழ்ந்ததனை உவமை கூறுகின்றார். நஞ்சு ஆண்டு நாகத்தின் உறுப்படையே. பொருளில் ஐயம் எழ இடமில்லை.

ஐயம் எழுவது திருக்குறளின் 580-ஆம் பாவில். பழகியவர் நஞ்சு பெய்தலைக் கண்டும் அதனை உண்டு அமைவர், விரும்பத்தக்க நாகரிகத்தை வேண்டுவோர் என்பது அதன் கருத்து. இந்நஞ்சு உண்மை நஞ்சா, கொடுமை, துன்பம் என்பவற்றைக் குறிக்கும் குறிப்புச் சொல்லா? உண்மை நஞ்சே எனின், ஒருவன் தாட்சணியத்தின் பொருட்டு உயிரை விடுதல் அறமாகிவிடும். அரசியலுள் வைக்கப்பெற்ற அதிகாரம் இது. 578-ஆம் பாவோ கருமம் சிதையாமற் கண்ணோடுதலை வற்புறுத்துகின்றது. நஞ்சுண்டு மாய்ந்த அரசனுக்குக் கருமம் எங்கே எஞ்சும்? இவ்விடர்ப்பாட்டை அஞ்சியே சிலர் நஞ்சு என்பதனைத் துன்பம் என்று மெலிவித்து உரைக்கின்றனர். அவ்வுரை எமக்கு உடன்பாடன்று. துன்பத்தைப் பொறுத்தல் முந்திய 579-ஆம் பாவிலேயே முடிந்துவிட்டது. அதனையே இங்கும் கூறினாரெனின், அதிகாரத்தின் இறுதிப் பா ஓரடியும் முன்செல்லாது நின்றுவிடும்.

பரிமேலழகர் நஞ்சை நஞ்சாகவே கொண்டு, உண்டு பின்னும் அவரோடு மேவுவர் என்று பொருள் விரிக்கின்றார். நஞ்சுண்டார் பின்னும் மேவுதல் யாங்ஙனம் என்னும் வினாவுக்கு அவ்வுரையில் விடையில்லை. அமைவர் என்பதற்கு மனம் மாறுபடாது ஆற்றியிருப்பர் என்று பொருள் கொள்ளின் இவ்விடர் நீங்கும்.

அவர் மேற்கோள் காட்டும் நற்றிணை 355-ஆம் பாட்டையும் முழுமையாக நோக்குதல் வேண்டும். உரையில் வருவது அதன் ஒரு பகுதியே. பயில்வோர் பலர் அப்பகுதியோடு நின்றுவிடுகின்றனர். அது தோழி தலைவனை நோக்கிக் கூறுவது. நெடுநாள் நட்டவர் கொடுப்பின் நாகரிகம் மிக்கார் நஞ்சையும் உண்பர் என்று கூறிய தோழி, உடனே, என் தோழியின் தோளில் துயிலுதல் நின் நெஞ்சிற்கு இனிதன்றாயினும் என்பொருட்டுக் கண்ணோடி அருள்க என்கின்றாள். பொதுமொழியளவில் நஞ்சு நஞ்சே. ஆயின், அச்சூழலில் அதற்கு ஈடாக நிற்பது யாது? தன் உயிரனைய தலைவியின் தோளே! உனக்கு அவள் நஞ்சாகவே இருக்கட்டும், நாகரிகனாயின் உண்பாய் என்று இடித்துரைப்பதினும் கடுமையான இரப்பு அகப்பாட்டில் அரிது. சொல்லின் நேர்ப்பொருள் சிறிதும் தேயாதிருத்தலினாலேயே குறிப்புப் பொருள் இத்துணைக் கூர்மை பெறுகின்றது. அங்கு நஞ்சைத் துன்பம் என்று மாற்றிப் படிப்பின் தோழியின் குரலே மறைந்துவிடும்.

இரண்டிற்கும் உம்மை நிற்குமிடமும் வேறு. நற்றிணையில் உம்மை நஞ்சொடு சேர்ந்து வரும். கொடுப்பின் என்னும் எச்சமும் உடனிருத்தலின் எல்லையைச் சுட்டும் கற்பனை அது. வள்ளுவரோ உம்மையைக் காணுதல்மேல் ஏற்றினார். நஞ்சின் கொடுமையினும் அறிந்தே உண்ணுதலின் அருமை அவர்க்குப் பெரிதாயிற்று. எனவே 580-ஆம் பா விதியன்று. நாகரிகம் எவ்வளவு தொலைவு செல்லும் என்பதன் எல்லைக்கல் என்க.

கள்ளுண்ணாமையில் நிலை வேறு. 926-ஆம் பா கள்ளுண்பாரை எஞ்ஞான்றும் நஞ்சுண்பாராகக் கூறும். நஞ்சு ஒருகால் உண்டாலே முடிவு தருவது, நாள்தோறும் உண்ணப்படுவதன்று. எஞ்ஞான்றும் என்னும் அவ்வொரு சொல்லே நேர்ப்பொருளைத் தடுத்து ஒப்புமைப் பொருளைத் தருகின்றது.

1008-ஆம் பாவின் நயம் ஓசையொடு பிணைந்தது. பிறரால் நச்சப்படாதவன் செல்வம் ஊர் நடுவே நச்சு மரம் பழுத்தது போலும் என்பது கருத்து. முன்னது விரும்புதலைக் குறிக்கும் வினை. பின்னது நஞ்சு என்பதன் திரிபு. மருந்து என்பது மருத்துப்பை எனத் திரிதல் போல, நஞ்சு என்னும் மென்றொடர் வேற்றுமையில் வன்றொடராகி நச்சு மரம் ஆயிற்று. தனிநிலையில் நச்சுதலும் நஞ்சும் ஒன்றோடொன்று மயங்கா; புணர்ச்சி ஒன்றே அவ்விரண்டையும் ஓர் உருவில் நிறுத்துகின்றது. விட மரம் என்றிருப்பின் பொருள் நிற்கும், பா வீழும். 1004-ஆம் பாவிலும் விருப்பப் பொருளில் இவ்வினை வந்துள்ளமையின், காது முன்னரே பழக்கப்பட்டுள்ளது. இதனை வெறும் எதுகை நயம் என்று கடந்து செல்வார் உளர். விரும்பத்தக்கது யாரும் விரும்பாததாதலே அவ்வதிகாரத்தின் பொருளாகலின், ஒரே ஒலியில் விருப்பமும் சாவும் நிற்றல் பொருளின் பகுதியேயாம்.

கம்பர் இதனை வேறொரு வழியிற் செய்தார். உருமாறி வரும் சூர்ப்பணகைக்கு மயில், அன்னம், வஞ்சிக்கொடி என உவமை அடுக்கி, அதே உவம உருபோடு நஞ்சத்தையும் சேர்த்தார். முன்னைய மூன்றும் கண்ணுக்குத் தோன்றுவன. நான்காவது கவிஞரும் நாமும் மட்டும் அறிந்தது. ஞகர சகர மெல்லோசை தொடக்கமுதல் ஒழுகி வருதலால், நஞ்சம் வந்தபோது செவி திடுக்கிடுவதில்லை. இராமன் இருக்குமிடத்திற்கு அவள் வந்து சேர்வதும் அவ்வாறே.

சொல் வாராமலே நஞ்சு வேலை செய்யும் இடமும் உண்டு. புறநானூறு 91-இல் சாதல் நீங்கும் நெல்லிக்கனியைத் தனக்கீந்த அதியமானை, நீலமணி மிடற்றனைப் போல நிலைபெறுக என்று ஔவையார் வாழ்த்துகின்றார். அமிழ்தம் பிறர்க்காக, நஞ்சு தனக்காக என்ற பழங்கதை அம்மிடற்றின் நிறத்துள் அடங்கியுள்ளது. சாவா மருந்தைத் துறந்தவனுக்கு இதனினும் பொருந்திய உவமை இல்லை. நஞ்சு என்று வாய்விட்டுக் கூறின் வாழ்த்துக்கு இழுக்காகும் என்று புலவர் கருதினார் போலும். சிலப்பதிகார வேட்டுவ வரி, கொற்றவையைப் பாடுங்கால், அச்சொல்லை வெளிப்படவே கூறும். அது வேட்டுவரின் வெறியாட்டாகலின் அங்கு அடக்கம் வேண்டப்படவில்லை.

வழக்கிலும் இவ்வடக்கத்தைக் காணலாம். உழவர் வீடுகளில் பூச்சிகொல்லிக்கு மருந்து என்பதே பெயர். ஒருவன் மருந்து குடித்துவிட்டான் என்று கேட்ட அளவில் ஊரார் மருத்துவமனைக்கு ஓடுகின்றனர். எந்த மருந்து என்று எவரும் வினவுவதில்லை. மற்றொரு பக்கம், கருவிலிருக்கும் குழவியை ஊட்டி வளர்க்கும் உறுப்பிற்கு நஞ்சு என்றும் நஞ்சுக்கொடி என்றும் பெயர். மகப்பேற்றின்பின் அது விழாது தங்குமாயின் தாயின் உயிர்க்கு ஊறு நேரும். அவ்வச்சமே அப்பெயரை இட்டிருத்தல் கூடும். நைதல் என்னும் வினையோடு தொடர்புபடுத்துவாரும் உளராயின் அதனையும் ஆராய்தல் தகும்.